எதிர்ப்பக்கத்துக் குழாய்

சென்ட்ரிபியூஜ் மெஷின் மேசையை விட்டு நடக்கத் தொடங்கியபோது முனீப் அதைக் கட்டிப்பிடித்தார். பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் மீன் ஆய்வு லெப்பில் வேலை பார்த்த மனிதருக்கு அது தெரியாததல்ல. புதிதாக வருகிற மாணவர்களுக்கு முதல் நாளே அவர் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். ஆனால் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்போது யார் நின்று நிதானமாக யோசிக்கிறார்கள்? பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். மெஷின் அவரையும் ஓர் அடி இழுத்துப்போய், உறுமி, உள்ளே எதையோ நொறுக்கி, ரப்பர் கருகும் மணத்தோடு அடங்கியது.

அதற்குக் கொடுத்திருந்த வேலை லேசானது. இரத்தக் குழாயை உள்ளே வைத்துச் சுழற்றினால் சிவப்பு அடியில் இறங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் குழாய் வைத்தால் நேரெதிரே அதே எடையில் இன்னொரு குழாய் வைக்க வேண்டும். வெறும் தண்ணீர் நிரப்பி வைத்தாலும் போதும். வைக்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றிய வண்டிலை நிமிடத்துக்கு மூவாயிரம் தரம் சுற்றியதற்குச் சமம். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியவரும் முனீப்தான். 'எதிர்ப்பக்கக் குழாய் வைக்காமல் இயக்குவோர் விளைவுக்குத் தாமே பொறுப்பாளி.' கீழே அவருடைய கையெழுத்து, கொஞ்சம் பெரிதாகவே.

மறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வெளியில் சொல்லக்கூடியதல்ல. குழாயை வைத்ததும் கண்ணை மூடி, பாத்திஹாவும் மூன்று குல்லும் ஓதி, அதன்மேல் மூன்று தரம் ஊதியிருந்தார். ஓதி ஊதி முடித்த நெஞ்சுக்கு, செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்றொரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியோடு மூடியைச் சாத்தி சுவிட்சைப் போட்டார். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பு என்பதுதான் மார்க்கம். முனீப் ஒட்டகத்தைக் கட்டவில்லை.

வெளியே காவலுக்கு நின்ற கதிரவேல் ஓடிவந்து கதவைத் தள்ளினார்.

"என்ன நானா, ஜெனரேட்டரா வெடிச்சது?"

"இல்ல கதிரவேல். என்ட மானம்."

"சத்தம் பெரிசா இருந்திச்சே."

முனீப் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். நல்ல பகிடிக்குப் பணிந்து போவது அவருடைய கொள்கை. கதிரவேல் கழுத்தை நீட்டி மெஷினைப் பார்த்தார். மூடி குறுக்காக வெடித்திருந்தது. வெடிப்பின் வழியே ஒரு சிவப்புக் கோடு இறங்கி மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ் எத்தனை மணிக்கு வாறா?"

"எட்டரைக்கு."

"இப்ப எட்டு இருபது," என்றார் கதிரவேல். பிறகு, ஆறுதலுக்காக, "என்ட மணிக்கூடு கொஞ்சம் முந்திப் போறது," என்று சொல்லிவிட்டுத் தன் கதிரைக்குத் திரும்பினார்.

முனீப் மூடியைத் தூக்கினார். குழாய் தூளாகிக் கிடந்தது. கிண்ணம் சுற்றிலும் இரத்தம். மனைவி நஸ்ரியாவின் இரத்தம். காலையில் சுபஹு தொழுதுவிட்டு, கிளினிக்குக்கு என்று சொல்லிக் குசினிக் கதிரையில் அவளை இருத்தி, தானே ஊசி குத்தி எடுத்து, கறிச்சட்டி அளவான ஐஸ் பெட்டியில் வைத்து, கிண்ணியா வீட்டிலிருந்து ஓர்ஸ் ஹில் லெப் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் குலுங்காமல் கொண்டுவந்த ஐந்து மில்லிலீற்றர்.

குத்துவதில் அவருக்குக் கைராசி உண்டு. ஆனால் அந்தக் கைராசி மீன்களிடம் சம்பாதித்தது. உள்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்தச் சின்ன லெப்பில் அவருடைய வேலையே மீனின் வாலடியில் ஊசி போட்டு இரத்தம் எடுப்பது, அதைச் சுழற்றுவது, பிறகு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்ப்பது. மற்றதெல்லாம் தனுஷிகா மிஸ்ஸின் வேலை. வெளிநாட்டில் டொக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு பாலையூற்றில் தாய் வீட்டுக்குத் திரும்பிவந்தவர் அவர். வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ட்டிலும், நாற்றமடிக்காத காலுறையிலும், இன்னும் எதெதிலோ வெள்ளியை மிகச் சிறிய துகளாக்கிச் சேர்க்கிறார்கள். அது கழுவுப்பட்டுக் கடலில் இறங்கி மீனின் இரத்தத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று அவர் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன ஆகும் என்பதை முனீப் ஊருக்கே விளக்கியிருக்கிறார். வினை அங்கேதான் தொடங்கியது.

"துகள் இரத்தத்துக்குள்ள போறதெண்டது, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போற மாதிரி," என்று பள்ளிவாசல் முன் தேநீர்க்கடையில் சொல்லத் தொடங்குவார். தானும் மூதூரிலிருந்து மாப்பிள்ளையாகக் கிண்ணியாவுக்கு வந்தவர் என்பதால் அனுபவத்தோடு சொல்வார். "வாகனத்தால இறங்கினதும் முதல்ல ஆர் ஒட்டிக்கொள்ளுற? சோத்துக்கு வந்த கூட்டம். எண்ணிக்கையில கூட, ஒட்டுறதும் லேசு, விடுறதும் லேசு. கொஞ்ச நேரத்தில மூத்த மச்சான், சாச்சா, பள்ளித் தலைவர் எண்டு கனமான ஆக்கள் வந்து அவங்களைத் தள்ளிப்போட்டுப் பக்கத்தில இருப்பாங்க. பிறகு எழும்ப மாட்டாங்க. ஜன்னலால பாக்கிற பொம்பளைகளுக்கு மாப்பிள்ளை தெரியுமா? தெரியாது. சுத்தி நிக்கிற கூட்டந்தான் தெரியும். அதப் பாத்துத்தான் நல்லவனா கெட்டவனா எண்டு முடிவு. இரத்தத்தில புரதம் எண்டு இருக்கு. அதுதான் அந்தக் கூட்டம். உடம்பு துகளைப் பாக்கிறதே இல்ல, துகளுக்குப் போர்த்திருக்கிற சட்டையத்தான் பாக்குது."

தனுஷிகா மிஸ் இதைக் கேள்விப்பட்டு, சிரித்து, ஒரு கருத்தரங்கில் அவருடைய பெயரைச் சொல்லியே சொன்னார். அதன் பிறகு கிண்ணியாவில் முனீப் ஒரு விஞ்ஞானி. வெள்ளைக் கோட்டு வேறு. கோழிக்கு நோய் வந்தாலும் அவரிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இருக்கவில்லை.

நஸ்ரியாவுக்கு வயிற்றில் வந்த கட்டியைப் போன வருடம் வெட்டி எடுத்திருந்தார்கள். இந்த வருடம் அது திரும்ப வந்தது. மூன்று கிழமைக்கு முன் கொழும்பில் புது மருந்து ஏற்றப் போனார்கள். உள்ளே இருப்பது பழைய மருந்துதான். அதை மயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரும் கொழுப்புக் குமிழிகளில் அடைத்திருக்கிறார்களாம். உடம்பெல்லாம் நஞ்சைக் கொட்டாமல் கட்டிப் பக்கம் கூடுதலாகப் போய் இறங்குமாம். சர்பத் நிறத்தில் பையில் தொங்கியது. முனீப் தாதிக்கு மாப்பிள்ளைக் கதையைச் சொல்லத் தொடங்கி, சாச்சா வருகிற இடத்துக்கு வந்திருப்பார். நஸ்ரியாவின் முகம் சிவந்தது. "முதுகு வலிக்குது," என்றாள். பிறகு, "நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி." பிறகு ஒன்றும் சொல்ல மூச்சில்லை. ஐந்து நிமிடந்தான். தாதி மருந்தை நிறுத்தினார், ஊசி போட்டார்கள், கால் மணி நேரத்தில் அடங்கியது. முனீப் மாப்பிள்ளைக் கதையைப் பாதியில் விட்டது விட்டதுதான்.

"சில ஆக்களுக்கு முதல் தரம் இப்பிடி வாறது," என்றார் டொக்டர். "அடுத்த முறை மெதுவா ஏத்தினா அனேகமா வராது. வரவும் கூடும். வேண்டாமெண்டா பழைய மாதிரி மருந்து இருக்கு, ஆனா அவவுக்கு இதுதான் பொருத்தம் எண்டு நான் நினைக்கிறன். யோசிச்சு, இருபதாம் திகதி செவ்வாய் நாலு மணிக்குள்ள போன் பண்ணுங்கோ. வியாழனுக்குக் கட்டில் ஒதுக்கோணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் முனீப் கேட்டார்: "என்ன செய்வம்?"

"உங்கட விருப்பம்," என்றாள் நஸ்ரியா, கண்ணைத் திறக்காமல். "நீங்கதானே இந்தத் துகள் விசயமெல்லாம் தெரிஞ்ச ஆள்."

மைத்துனன் ஸஜ்ஜாத்திடம் கேட்டார். "மச்சான் சொன்னாச் சரி." கட்டாரில் புருஷனோடு இருக்கும் மகள் ஆதிலாவிடம் கேட்டார். "வாப்பாவுக்குத் தெரியாததா?" பள்ளித் தலைவரிடம்கூடக் கேட்டார். அவர் தாடியைத் தடவி, "உங்கட துறையெல்லவா அது," என்றார். மூன்று கிழமை இப்படிப் போனது. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு போத்தல் கழுவுகிறவனின் தலையில் அவன் மனைவியின் உயிரைத் தூக்கி வைத்துவிட்டு, வலு நம்பிக்கையோடு நித்திரை கொண்டது. அவருக்கு மட்டும் நித்திரை இல்லை.

அப்படித்தான் அவர் தனக்கென்று ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். லெப்பில் இருக்கும் வெள்ளித் துகள் தண்ணீரில் மஞ்சளாக நிற்கும். உப்பைப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிச் சாம்பல் நிறமாகும். நஸ்ரியாவின் இரத்தத்தில் தெளியும் நீரைக் கலந்து, உப்பும் போட்டுப் பார்ப்பது. மஞ்சளாகவே நின்றால் அவளுடைய புரதங்கள் நல்ல சட்டை போடுகின்றன, போகலாம். சாம்பலானால் கூடாது. பால்கிதாபு பார்த்துக் குறி சொல்கிற லெப்பையை ஆயுள் முழுக்கப் பகிடி பண்ணிய மனிதர்தான், இப்போது வெள்ளியிலும் இரத்தத்திலும் குறி பார்க்கப் புறப்பட்டார். லெப்பையாவது மெஷினை உடைப்பதில்லை.

இன்று செவ்வாய். திகதி இருபது.

தனுஷிகா மிஸ் எட்டு இருபத்தெட்டுக்கு வந்தார். ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிட்ஜில் அவருடைய இருபத்து நாலு குழாய்கள் இன்று சுழற்றக் காத்திருப்பது முனீப்புக்குத் தெரியும். சத்தம் போடுவார் என்று நினைத்தார். போடவில்லை. கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். சத்தம் போடாதவர்களிடம் குற்றவாளியாக நிற்பது பெரிய பாடு. அவர்களுடைய பங்குச் சத்தத்தையும் நாமே உள்ளுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

"என்ன வச்சுச் சுத்தினீங்க நானா?"

"கொடுவா மீன்."

"கொடுவா நாளைக்குத்தானே பிடிக்கிறது?"

"இது கொஞ்சம் அவசரக்காரக் கொடுவா, மிஸ். முந்தி வந்திட்டுது."

மிஸ் சிரிக்கவில்லை. கையுறை மாட்டி, கிண்ணத்தில் ஒரு துளி தொட்டு, கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். அவர் கண்ணாடித் துண்டை எடுத்தபோதே முனீப்புக்கு விளங்கிவிட்டது. மீனின் சிவப்பணு நீள்வட்டம். நடுவில் ஒரு கரு, முட்டைக்குள் மஞ்சள் மாதிரி. மனிதருடையது வட்டம், நடுவில் விரலால் அமுக்கிய வடை மாதிரி, கரு கிடையாது. இதையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர்தான். அன்றைக்கு அவரை எதிர்த்துச் சாட்சி சொன்னதெல்லாம் அவருடைய சொந்தப் பாடங்கள்.

மிஸ் வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நானா. இந்தக் கொடுவாவுக்கு வாப்பா ஆர்?"

முனீப் ஜன்னலைப் பார்த்தார். கீழே துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகு வேலையில்லாமல் நின்றது.

"மௌத்தாப்போன ஹஸன் ஹாஜியார்," என்றார். பிறகு, "என்ட மாமனார்."

மிஸ் நிமிர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நஸ்ரியா ராத்தாவுக்குத் திரும்ப வந்திட்டுதா?"

"ஓம்."

"எனக்குச் சொல்லவேயில்ல."

"சொன்னா, நீங்க கவலையாப் பாப்பீங்க. நான் பகிடி விட ஏலாமப் போயிரும். பிறகு இந்த லெப்பில எனக்கு என்ன வேல?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பை, சர்பத் நிறம், ஐந்து நிமிடம், நாலு மணிக்குள் போன் பண்ண வேண்டியது, வெள்ளியில் குறி பார்க்க நினைத்தது. ஓதி ஊதியதையும் சொன்னார். அதைக் கேட்டபோது மட்டும் மிஸ்ஸின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

"மஞ்சளா நிண்டாப் போகலாம், சாம்பலானாப் போகக்கூடாது. இது ஆர் சொன்னது?"

"நான்தான்."

மிஸ் நெற்றியைத் தேய்த்தார். "நானா, உங்கட வெள்ளி வேற, அந்தக் கொழுப்புக் குமிழி வேற. மேல் வித்தியாசமெண்டா ஒட்டுற புரதமும் வித்தியாசம். அது ஒரு பக்கம். மற்றது, இரத்தத்தில தெளியிற தண்ணி புரதம் நிறைஞ்சது. அது வெள்ளியில போய் ஒட்டினா, உப்புப் போட்டாலும் வெள்ளி கட்டியாகாது. மஞ்சளாத்தான் நிக்கும்."

"நஸ்ரியாட இரத்தத்துக்கா?"

"ஆற்ற இரத்தத்துக்கும். என்ட, உங்கட, கதிரவேல் அண்ணைட. எல்லாத்துக்கும் மஞ்சள்தான்."

முனீப் அதைத் தலைக்குள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். ஒரேயொரு பதில் மட்டும் தெரிந்த குறி. மெஷின் உடையாமல் இருந்திருந்தால் பத்து மணிக்கு மஞ்சளைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, பத்தரைக்குப் போன் பண்ணியிருப்பார். பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "அது பிழை. இப்ப நீங்க சொல்லுங்க மிஸ். படிச்ச ஆள். அந்தக் குமிழி திரும்ப உள்ள போனா திரும்ப அப்பிடி வருமா, வராதா?"

"அது கனக்க விசயத்தைப் பொறுத்தது."

"ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்க."

"நான் மீன் ஆள், நானா."

"மீனெண்டாச் சொல்லுவீங்களா?"

மிஸ் யோசித்தார். "மீனெண்டாலும் சொல்ல மாட்டன்," என்றார், நேர்மையாக.

ஆனாலும் சொல்லப் பார்த்தார். வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் கீறி, அதைச் சுற்றிப் புள்ளி வைத்தார். இரத்தத்தில் காவல் காக்கிற புரதங்கள் கொஞ்சம் இருக்கின்றன. கிருமி வந்தால் அதில் போய்க் குந்திக்கொண்டு கூச்சல் போடுவது அவற்றின் வேலை. சிலருக்கு, அந்தக் குமிழியையும் அவை கிருமி என்று நினைத்துப் போய்க் குந்திவிடும். கூச்சலில் இரத்த நாளம் விரியும், மூச்சுக்குழாய் இறுகும். மெதுவாக ஏற்றினால் ஒரேயடியாகக் கூச்சல் எழாது, அதனால் அனேகமானவர்கள் இரண்டாம் தரம் தாங்குகிறார்கள். ஏன் ஒருவருக்கு வருகிறது, ஏன் மற்றவருக்கு வருவதில்லை என்றால், ஒவ்வொரு மனிதரின் இரத்தமும் போர்த்துகிற சட்டை வேறு. நோய் இருந்தால் வேறு. ஒரே ஆளுக்கே இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்றாகவும் இருக்கலாம். இப்படிச் சொல்கிற கட்டுரையும் உண்டு, இல்லையென்று சொல்கிற கட்டுரையும் உண்டு.

முனீப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மாப்பிள்ளைக் கதையில் எல்லாரும் கடைசியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கூட்டத்தில் நாலு பேர் எழும்பிக் கூச்சல் போட்டு, பெண்ணுக்கே மூச்சு நின்றுபோகிற கலியாணத்தை அவர் தேநீர்க்கடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

"மூண்டு வருசமாப் பாக்கிறீங்க மிஸ்," என்றார். "கேட்டா, பொறுத்தது. டொக்டரைக் கேட்டா, அனேகமா. என்ட மனிசிய மட்டுந்தான் இன்னும் ஒழுங்காப் புடிச்சுக் கேக்கல்ல. அவவும் உங்கட விருப்பம் எண்டுதான் சொல்லுவா."

தனுஷிகா மிஸ் பலகையை அழித்தார். இருவரும் கையுறை போட்டு, கிண்ணத்தை ப்ளீச் ஊற்றிக் கழுவினார்கள். முனீப் ஒவ்வொரு கண்ணாடித் துண்டாகப் பொறுக்கினார். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ இரத்தம் துடைத்திருக்கிறார். இதைத் துடைக்கிறபோது கை மெதுவாகவே போனது, கொட்டிய சோற்றை அள்ளுகிறவனைப்போல. விபத்துப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'இயக்கியவரின் கவனயீனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தரம் சின்னதாக. மிஸ் யாருக்கோ போன் போட்டு, மட்டக்களப்பில் ஒரு மெஷினில் நேரம் கெஞ்சி வாங்கி, தன் இருபத்து நாலு குழாய்களையும் ஐஸில் அடுக்கத் தொடங்கினார்.

"நான் கொண்டுபோறன் மிஸ். என்ட பிழைக்கு."

"நீங்க மோட்டார் சைக்கிளில கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குள்ள அது கருவாடாப் போயிரும். வீட்ட போங்கோ. நாலு மணிக்கு எத்தினை மணித்தியாலம் இருக்கு?"

வாசலில் கதிரவேல் எழும்பி நின்றார். கேட்டிருப்பார். அந்தக் கதவு எதையும் மறைக்கிற கதவல்ல. வழக்கமாக ஏதாவது சொல்லிச் சீண்டுகிறவர், "பாத்துப் போங்கோ நானா. பாலத்தடியில காத்து," என்று மட்டும் சொன்னார். அது முனீப்பை இன்னும் பயப்படுத்தியது.

சீனக்குடாவைத் தாண்டிப் போகிறபோது அவர் மூன்று பொய்களைத் தயார் பண்ணினார். கிளினிக்கில் இரத்தம் நல்லது என்று சொன்னார்கள் என்பது ஒன்று. மருந்து ஏற்றப் போகும்படி மிஸ் சொன்னார் என்பது ஒன்று. மூன்றாவது, போக வேண்டாம் என்று மிஸ் சொன்னார் என்பது. மூன்றும் ஒரே அளவுக்கு நன்றாக இருந்தன. கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது காற்று மோட்டார் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளியது. தள்ளிய பக்கமே போய்விட்டால் என்ன என்று ஒரு களைப்பு வந்தது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்து அவரை நேராக்கினான்.

நஸ்ரியா குசினியில் கதிரையில் இருந்து கீரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு மீனை ஆய்வாள், கையை மடியில் வைத்து இளைப்பாறுவாள், அடுத்ததை எடுப்பாள். காலையில் குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"என்ன இந்த நேரத்தில?"

"சும்மாதான்."

"இரத்தத்தைக் கிளினிக்குக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தன்."

"மெய்யா?"

தயார் பண்ணிய மூன்றும் வரிசையில் நின்றன. முனீப் வாசல் நிலையில் சாய்ந்தார். "பொய்," என்றார்.

நஸ்ரியா தலையை ஆட்டி, மீனின் வயிற்றைக் கீறினாள். "கிளினிக் கொழும்பில. நீங்க மோட்டார் சைக்கிள எடுத்துக்கொண்டு லெப்புக்குப் போறீங்க. ஐஸும் ஒரு பிடிதான் போட்டீங்க. அது தம்பலகாமம் தாண்டாது."

"தெரிஞ்சா ஏன் கைய நீட்டினாய்?"

"மூணு கிழமையாப் படுக்கையில புரண்டுகொண்டு கிடக்கிறீங்க. உங்களுக்குக் கையில ஒரு வேல வேணும் எண்டு விளங்கிச்சு. என்னட்ட இருந்தது அதுதான்."

முனீப் வந்து எதிரே தரையில் குந்தினார். மெஷினை உடைத்ததைச் சொன்னார். கொடுவாவைச் சொன்னார். ஹஸன் ஹாஜியாரின் பெயர் வந்த இடத்தில் அவள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாப்பா இருந்தா உங்கள வெட்டியிருப்பார்," என்றாள்.

"நஸ்ரியா, ஒண்டு சொல்லோணும்." அவர் மீன் தலைகளைப் பார்த்தே சொன்னார். "எனக்கு இந்தத் துகளப் பத்தி ஒண்டும் தெரியா. நான் போத்தல் கழுவுற ஆள். குத்துற, சுத்துற, கழுவுற. இண்டையோட சுத்துறதும் போச்சு."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீங்க லெப்புக்குப் போகத் தொடங்கி ரெண்டாம் மாசம். உங்கட உம்மா சொன்னா."

பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் வெள்ளைக் கோட்டைத் தோய்த்துக் காயப் போட்டவள் அவள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மீன் கழுவிய தண்ணீர் மணம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

"பிறகேன் நீங்கதானே தெரிஞ்ச ஆள் எண்டு பஸ்ஸில சொன்னாய்?"

"தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைக்கக்குள்ள பயம் கொஞ்சம் குறைஞ்சிருந்திச்சு."

"உனக்கா?"

"எனக்கில்ல. உங்களுக்கு."

சுவர் மணிக்கூட்டில் ஒன்றே முக்கால். முனீப் தொண்டையைச் செருமினார். டொக்டர் அனேகமாக வராது என்றது, மிஸ் பலகையில் புள்ளி வைத்தது, காவல் புரதம், கட்டுரைகள் இரண்டு பக்கமும் இருப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வைக்க வைக்க, அவள் மீனைக் கீழே வைத்துவிட்டுத் தன்னையே பார்ப்பது தெரிந்தது. நடுவில் நிறுத்தினார். ஒரு பகிடி வரவேண்டிய இடம் அது. வாயைத் திறந்தார். வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. அறுபது கட்டில் உள்ள ஆஸ்பத்திரி வாட்டில், பிள்ளைப்பேற்று அறை வாசலில், வாப்பாவின் ஜனாஸா அன்றுகூட வந்தது, இப்போது வரவில்லை.

"உனக்குப் போக விருப்பமா?" என்று கேட்டார்.

நஸ்ரியா பஞ்சைப் பிய்த்து எறிந்தாள். செதிள் ஒட்டிய கையைச் சட்டித் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்தாள்.

"இத இப்பதான் கேக்கிறீங்க," என்றாள். "என்ன செய்வம், என்ன செய்வம் எண்டு நூறு தரம் கேட்டீங்க. அது உங்களுக்குள்ள கேட்ட கேள்வி."

"இப்ப உன்னட்டக் கேக்கிறன்."

"போறன். எனக்குப் பயம். அந்த அஞ்சு நிமிசத்த நினைச்சா இப்பவும் கை குளிருது. ஆனாப் போறன். மெதுவா ஏத்தச் சொல்லிக் கேளுங்க. இன்னொருக்கா நெஞ்சு அந்த மாதிரி இறுகினா, அதோட சரி. பிறகு அந்த மருந்தும் வேணாம், வேற மருந்தும் வேணாம். அப்ப நீங்களோ ஆதிலாவோ ஸஜ்ஜாத்தோ வந்து என்னோட நாயம் கதைக்கப்படாது. இப்ப போனை எடுங்க."